செல்லக்கிளியின் தலைக்குள் வளர்ந்த தோல்

என் மனைவி செல்லக்கிளி பாலக்கரையில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். அவள் வாய்க்குப் பயந்தே யாரும் தட்டில் மிச்சம் வைக்க மாட்டார்கள். போன வருடம் அவளுக்கு வலது கன்னத்தில் கரண்ட் அடித்தது மாதிரி சுளீர் சுளீரென்று வலி. முகம் கழுவ முடியாது. ஒரு வாய் மெல்ல முடியாது. சொத்தைப் பல் என்று நாங்களே முடிவு கட்டி, இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வைத்தோம். பல் போனது. வலி போகவில்லை.

கடைசியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டி, அது முகத்து நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர் சுஜா. அபூர்வமானதாம். "ஆனா புற்று இல்லைம்மா" என்றும் சொன்னார். அதற்கு மேல் அவர் பேசியது எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை. "ஆத்தா காப்பாத்திட்டா!" என்றார் அவள் அண்ணன் ரங்கநாதன். டாக்டர் சொன்ன ஆபரேஷனை விட்டுவிட்டு, சமயபுரம் போய் அவளுக்கு மொட்டை போட்டோம்.

முடி முளைப்பதற்குள் நடையும் தள்ளாடியது. மறுபடி போய் நின்றோம்.

"முடியை நீங்களே எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார் டாக்டர்.

"புற்று இல்லைன்னீங்க. அப்புறம் எதுக்கு மண்டையத் தொறக்கணும்?" என்றேன்.

"கட்டி சாதுதாங்க. உக்காந்திருக்கிற எடம்தான் மோசம். தாய் வயித்துல இருக்கும்போதே துளி தோல் உள்ள மாட்டிக்கிட்டு, இத்தனை வருஷமா வளருது. விட்டா நடக்கிறது, முழுங்கறது எல்லாம் போயிரும்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"எடுத்துருங்க டாக்டர்," என்றாள் செல்லக்கிளி. "இந்த ஆளுக்கு வெளங்குற வரைக்கும் காத்திருந்தா நான் சோறு திங்க முடியாது."

காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். வெள்ளை மெழுகு மாதிரி செதில் செதிலாக வந்ததாம். மூளைத்தண்டோடு ஒட்டிய மெல்லிய படலத்தை மட்டும் விட்டுவிட்டார்கள், உரித்தால் ஆபத்தாம். வருடா வருடம் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

"அப்ப குணமா, இல்லையா மாப்ள?" என்றார் ரங்கநாதன். நான் யாரைக் கேட்பது?

கன்னம் மரத்துத்தான் கிடக்கிறது. நேற்று அந்தப் பக்கமே முறுக்கைக் கடித்தாள். உதட்டோரம் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. தொட்டால் பழைய மாதிரி அலறுவாளோ என்று விரலை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டேன்.

"என்ன முழிக்கிறீங்க?"

"ஒட்டியிருக்கு."

"எடுத்து விடுங்க. கடிச்சிரவா போறேன்?"