தாவாக்கட்டைக்குக் கவுன்சலிங்

வந்தவருக்கு இல்லாத குறையைக் கண்டுபிடித்து, அவர் வாயாலேயே "ஆமாங்க, இருக்கு" என்று சொல்லவைப்பதுதான் எங்கள் தொழில். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கவுன்சலிங்.

துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்களே, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களே, பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்கும் வேலையில் இருக்கும் எல்லோருமே, உங்களுக்கு இது புரியும். தஞ்சாவூரில் ஓர் அழகு சிகிச்சை மையத்தில் நான் கவுன்சலர். கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷ் படிவத்தைப் படித்துத் தமிழில் சொல்வாள் என்று எடுத்தார்கள். என் முகவாய் சின்னது, கழுத்தோடு சரிந்துபோகும். பிரசவ விடுப்புக்கு முன்னால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஆறு மாதப் பெண் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்த அன்றே மேனேஜர் கூப்பிட்டார். "தாவாக்கட்டை சிகிச்சையைச் சொல்ற மேசையில தாவாக்கட்டை இல்லாதவங்க உட்கார்ந்தா எப்படிம்மா? நீங்களும் ஃபில்லர் போட்டுக்குங்க. இல்லேன்னா அந்த மேசைக்கு வேற ஆள்தான் பாக்கணும்."

ஃபில்லர் என்றால் ஊசி வழியாக முகவாயில் ஜெல்லை ஏற்றி முன்னால் எடுப்பாக்குவது. குழந்தை இன்னும் என்னிடம் பால் குடிக்கிறாள். வேலை போனால் வீடு நடக்காது. அன்றிலிருந்து பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

பருவோடு வந்தவள்

கல்லூரிப் பெண். கன்னத்தில் நாலு பரு, அதற்குக் களிம்பு கேட்டு வந்தாள். எங்கள் விதிப்படி யார் வந்தாலும் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்க வேண்டும். எடுத்ததைத் திரையில் பெரிதாக்கி, மூக்கு நுனியிலிருந்து முகவாய் வரை ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். கோடு போட்டால் யாருக்குத்தான் நேராக வரும்? நானும் போட்டேன். மேனேஜர் பின்னால் வந்து நின்றுகொண்டு, "பருவை விடும்மா, அது தானா போயிடும். இந்தக் கோட்டைப் பாரு" என்றார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் முகத்தை அந்தப் பக்கத்திலிருந்து அதற்கு முன் பார்த்ததே இல்லை போலும். துப்பட்டாவை இழுத்து வாய் வரை மூடிக்கொண்டாள். களிம்புச் சீட்டை நீட்டினேன், வாங்கவில்லை. கதவருகே போய்த் திரும்பி என்னிடம் சொன்னாள்: "உள்ள வர்றப்ப எனக்குப் பரு மட்டும்தான்க்கா இருந்துச்சு."

தாடையா, தாடியா

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, கல்யாணம் நிச்சயமான மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் அக்கா போட்டோவைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குத் தாவாக்கட்டை உள்ளே போயிருக்கு, கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிடுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாளாம். வாசல் கதவில் வளைத்து நெளித்த எழுத்துகளில் நாங்கள் ஒட்டியிருக்கும் 'தாடைச் சீரமைப்பு' என்பதை அவர் கண்ணாடி போடாமல் படித்திருக்கிறார். உட்கார்ந்ததும் கேட்டார்: "பொம்பளப் புள்ளைக்குத் தாடி எதுக்கும்மா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். ஊசி போட்டால் சில காலத்தில் கரைந்துவிடும், மறுபடி போட வேண்டும். உள்ளே சிலிக்கோன் துண்டு வைத்தால் நிற்கும், ஆனால் ஆபரேஷன். எலும்பையே வெட்டி முன்னால் நகர்த்துவது இன்னும் பெரிய ஆபரேஷன். மூன்றிலும் என்னென்ன கெடலாம் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் குரலை இறக்கச் சொல்லியிருக்கிறார்கள், நான் இறக்கவில்லை. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஊசின்னா வருஷா வருஷம் நடவு போடணும்னு சொல்லுங்க."

அதுவரை வாயே திறக்காத மகள் எழுந்துகொண்டாள். "தாடி மாப்பிள்ளைக்குத்தாம்ப்பா இருக்கு. அதை எடுத்துட்டா உள்ள தாவாக்கட்டை இருக்கான்னு யாராச்சும் பாத்தீங்களா?"

எண்ணெய்க் கை

என் மகளைக் குளிப்பாட்ட எங்கள் தெருவிலிருந்து செல்வி அக்கா வருவார். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து, மூக்கைப் பிடித்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக முகவாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். குழந்தை வீறிடுகிறது. "உன்னை மாதிரியே இருக்கு பாப்பா. எலும்பு இளசா இருக்கறப்பவே இழுத்துவிட்டா எடுப்பா வந்துடும்" என்கிறார் நிதானமாக.

எனக்கு வந்த கோபத்தில் குழந்தையை ஈரத்தோடு பிடுங்கிக்கொண்டேன். "அறிவிருக்கா? பச்சப்புள்ள முகத்துல கை வெக்கிறீங்க! அவளுக்கு என்ன குறை?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். கத்தும்போதே எனக்கு வேறொன்று தெரிந்தது: பதினெட்டு வருஷம் கழித்து இவளையும் யாரோ ஒருத்தி நாற்காலியில் உட்காரவைத்துச் சிவப்புக் கோடு போடுவாள். செல்வி அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். கோபப்படக்கூட இல்லை. "நீ ஊசியால பண்ணச் சொன்னா வைத்தியம், நான் எண்ணெயால பண்ணா அறிவில்லையாடி?"

ஒரே ஒரு டிக்

டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். போன வாரம் அவர் வரும் நாளில், என் பெயர் எழுதிய படிவத்தை மேனேஜர் மேசையில் வைத்தார். எத்தனை பேருக்கு நான் படித்துச் சொன்ன படிவம்! ஒன்பதாவது கேள்வி: பாலூட்டும் தாயா? ஆம், இல்லை. குழந்தைக்கு ஆபத்தில்லை என்று உறுதியாகச் சொல்ல ஆராய்ச்சி போதாது, அதனால் பால் கொடுப்பவர்களுக்குப் போடுவதில்லை என்று நானே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"இல்லைன்னு ஒரு டிக் போடுங்க. ஒரே ஒரு டிக். யாரு வந்து பாக்கப்போறா?" என்றார் மேனேஜர். என் ரவிக்கை அப்போதே ஈரமாகிக்கொண்டிருந்தது. குழந்தைக்குப் பசிக்கும் நேரம். 'ஆம்' என்பதில் டிக் போட்டேன். போதாதென்று கீழே, கான்வென்ட் சிஸ்டர்கள் அடித்துப் பழக்கிய கையெழுத்தில், குழந்தைக்கு ஏழு மாதம் என்றும், 'இல்லை' என்று போடும்படி எனக்குச் சொல்லப்பட்டது என்றும் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினேன். மேனேஜர் கையில் கொடுக்காமல் நேராக டாக்டர் அறைக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார். "பால் குடுக்கிற பொண்ணுக்கு ஊசி போட யாருய்யா ஏற்பாடு பண்ணது?" என் பின்னாலேயே ஓடிவந்து நின்ற மேனேஜர், கொஞ்சம்கூடக் கூசாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவங்கதான் சார் ரொம்ப ஆசைப்பட்டாங்க."

இந்த வாரத்திலிருந்து என்னைப் பின்னறையில் போன் எடுக்கப் போட்டிருக்கிறார்கள்; அந்த வேலைக்குத் தாவாக்கட்டை வேண்டாமாம், வாய் இருந்தால் போதுமாம், அது எனக்கு இருக்கிறது என்று இப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.