ஜல்லிப் பையோடு ஷூ வாங்கப் போனது

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நின்ற கண்டெய்னர் லாரிகளில் ஒன்று திடீரென்று ஓரம் ஒடித்து நகர்ந்தது. நான் தாரை விட்டுப் பக்கத்து ஜல்லியில் குதித்தேன். ஊன்றிய காலுக்குக் கீழே ஏதோ உருண்டது, கணுக்கால் மடங்கியது. விழவில்லை. நொண்டிக்கொண்டே போய் அலைத்தடுப்புப் பாறை ஒன்றின்மேல் உட்கார்ந்தேன்.

என்னோடு ஓடிவந்துகொண்டிருந்தவள் கல்லூரித் தோழி. வியாசர்பாடிக்காரி, கால்பந்து ஆடுகிறவள். பத்தடி தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

“இன்னாடி, பெசகிச்சா?”

“கொஞ்சம்தான்.”

“கொஞ்சம்னா மூஞ்சி ஏன் இப்டிப் போவுது? ஷூவ கழட்டு, பாக்கலாம்.”

கழற்றினேன். அவள் காலைப் பார்த்தாள், நான் ஷூவைப் பார்த்தேன். அடிப்பாகத்து வெள்ளை நுரையின் பள்ளத்தில் ஒரு முக்கால் அங்குல ஜல்லி செருகியிருந்தது. உதறினேன், விழவில்லை. நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் உடைந்த கூர், இன்னொரு பக்கம் மழுங்கல், மேலெல்லாம் கறுப்புப் பொடி. அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை அடித்தது. நான் வாங்கியிருப்பது தார்ரோட்டுக்கான ஷூ. நான் ஓடும் தூரத்தில் தார் பாதிதான். மிச்சப் பாதியில் என்னென்ன இருக்கிறது?

பாறையிலிருந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை நாள் அதே வழியில் ஓடியிருக்கிறேன், கடலையும் கப்பலையும் பார்த்திருக்கிறேனே தவிர தரையைப் பார்த்ததில்லை. தார் முடிகிற இடத்தில் லாரிச் சக்கரம் அரைத்த கருந்துகள். அதை ஒட்டி சிதறிய ஜல்லி. அப்புறம் யாரோ எப்போதோ பள்ளம் தூர்க்கக் கொட்டிய சிவப்புக் கிராவல். அதற்கப்பால் மணல், மணலில் நொறுங்கிய கிளிஞ்சல், பிறகு பாறை, பாறைக்கு அந்தப் பக்கம் அலை. நாலு எட்டு அகலத்தில் இவ்வளவு. எனக்கு வலி மறந்துபோனது.

“இன்னா பாக்கறே? கடல்ல எதுனா மெதக்குதா?” என்றாள் தோழி.

“தரைடி. தரையப் பாரேன்.”

“கால் பெசகினா மூளையும் பெசகுமா?” என்று சொல்லிக்கொண்டே என்னை எழுப்பி ஷேர் ஆட்டோவில் ஏற்றினாள்.

ராயபுரத்தில் நான் காட்டிய எலும்பு டாக்டர் காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அதே கணுக்கால் முன்பும் மடங்கியிருக்கிறது. தசைநார் தளர்ந்திருக்கிறது, ஆறட்டும், ஆனால் இன்னொரு முறை மடங்கினால் ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். டாக்டராவது கொஞ்சம் இழுத்துச் சொன்னார். அம்மா ஒரே வெட்டாக வெட்டினாள்.

“இன்னும் ஒரே ஒரு தபா நொண்டிகினு வா. அப்பால இந்த வூட்ல ஷூன்ற பேச்சே கெடையாது.”

காசிமேட்டில் கிளம்பி முகத்துவாரம் வரை, எண்ணூரில் ஆறு கடலைத் தொடும் இடம்வரை, நிற்காமல் ஓட வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருடைய வெறி. ஒவ்வொரு முறையும் பாதியில் திரும்பியிருந்தோம். இப்போது எல்லாம் ஒரு கணுக்காலில் தொங்கியது. காலுக்கு ஓய்வு. கண்ணுக்கு ஏது ஓய்வு? படுத்துக்கொண்டே ஷூக்களைப் பற்றிப் படித்தேன். கரடுமுரடான தரைக்கென்றே ஒரு வகை உண்டு, ட்ரெயில் ஷூ என்கிறார்கள். எழுதுகிறவர்கள் எல்லாம் பைன் காட்டிலும் பனி உருகிய சேற்றிலும் ஓடுகிறவர்கள். அடிப்பாகத்தில் பற்கள் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பிடிப்பு என்று ஒரே குரலில் சொன்னார்கள். நம்பினேன். டிராக்டர் டயர் போல ஒரு ஜோடி வீட்டுக்கு வந்து இறங்கியது.

கால் தேறியதும் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து பார்த்தேன். தாரில் பல் முளைத்தவள் மாதிரி ‘டக் டக்’ என்று சத்தம். ஜல்லியில் இறங்கினால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் கல் மாட்டிக்கொண்டு சத்தம் இரட்டிப்பானது. காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தின் பக்கத்தில் சிமெண்டுத் தரை எப்போதும் ஈரம். செதிலும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்த ஈரம். அங்கே கால் வைத்தேன். பற்களின் நுனி மட்டும்தான் தரையைத் தொட்டது. சர்ரென்று ஒரு சறுக்கு. கூடையோடு எதிரே வந்த அக்காவின் தோளைப் பிடித்துத் தப்பித்தேன்.

“ஏய், ஏய்! மீன் வாங்க வந்தியா, என்னிய வாங்க வந்தியா?” என்றார் அந்த அக்கா. சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள், தோழிதான் அதிகம் சிரித்தாள். அன்றைக்கே ஷூவைத் திருப்பி அனுப்பினேன்.

பனிக்காட்டு ஆட்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் தரைக்கு அவர்கள் ஷூ. எங்கள் தரைக்கு எது என்பதை எங்கள் தரைதானே சொல்ல வேண்டும்? கடைகளில் எல்லாருமே பளிங்கு மாதிரி டைல்ஸில் நாலு நடை நடந்துவிட்டு ஷூ வாங்குகிறார்கள். டைல்ஸில் நடந்து எதைக் கண்டுபிடிப்பது? தரையைக் கடைக்குக் கொண்டுபோவோம் என்றேன் தோழியிடம்.

நான் சிவில் படித்தவள். கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை. ஜல்லியைச் சல்லடையில் சலித்து அளவு பிரிப்பதுதான் பிழைப்பு. அப்படியிருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை விரைவுச் சாலை ஓரத்தில் குனிந்து கல் பொறுக்கியபோது, பார்க்காததைப் பார்ப்பதுபோல் இருந்தது. கூடத்துக்கு வருவது ஒரே குவாரியின் ஒரே கல். இங்கே கிடப்பது லாரி லாரியாகப் போனவற்றிலிருந்து சிந்தியது. பச்சைக் கோடு ஓடிய ஒன்று, ரோஜா நிறத்தில் மினுங்குவது, இரும்பு உருக்கிய கழிவு போலத் துளைத்துளையாக இருப்பது. எங்கெங்கோ இருந்த மலைகள் உடைந்து துறைமுகத்துக்குப் போகும் வழியில் என் காலடியில் ஆளுக்கொரு துண்டு போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. இதன்மேல் ஓடிக்கொண்டா கால்வலி என்று மட்டும் நினைத்தேன்! ஒரு சிமெண்டுப் பையில் கால்வாசி நிரப்பிக் கட்டி வீட்டுக்குத் தூக்கிவந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, இந்தப் பக்கம் எந்த வீட்டிலும். வெளியிலிருந்து எது வந்தாலும் முதலில் துடைக்க வேண்டும், முடிந்தால் கழுவ வேண்டும். மாடியில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் கறுத்துவிடும். காயப்போட்ட வெள்ளைத்துணி சாயங்காலம் வெள்ளையாக இருக்காது. லாரிகளும் ஆலைகளும் கக்கும் கறுப்புத் தூசியோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போடுகிற பெண்களில் அம்மாவும் ஒருத்தி. மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது, பையிலிருந்த அத்தனை ஜல்லியும் அலசப்பட்டு, மாடியில் பாயில் உலர்ந்துகொண்டிருந்தது, அரிசி மாதிரி.

“கடைக்கு எத்துனு போறேன்னியே. அந்தாளு கடைய கலீஜ் பண்ணிட்டு வருவியா?” என்றாள் அம்மா.

நன்றாகத்தான் இருந்தது. சோதனைக்கூடத்திலும் கல்லைக் கழுவித்தானே சோதிப்போம். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்தது அந்த ஷூ கடை. கடைக்கார அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கணக்கும் பேச்சும் கறாராக இருப்பவர். சாயங்காலமாகப் போனோம். நடந்து திரிந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில்தான் ஓட்ட ஷூ அளவு பார்க்க வேண்டும். பையை இறக்கி வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் டைல்ஸைப் பார்த்தார்.

“கடைக்குள்ள ரோடு போடப் போறியளா பிள்ளேளா?”

“ஒரு சாக்கு விரிச்சுக்கறோம் அண்ணாச்சி. கீறல் விழாது.”

“விழுந்துச்சுன்னா?”

தோழி முந்திக்கொண்டாள். “வுழுந்தா இவ சிவிலு. புதுசா டைல்ஸ் போட்டுக் குடுப்பா.”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஒன்றுக்கு மூன்று சாக்கை அவரே விரித்தார். ஜல்லியைக் கொட்டிப் பரப்பினேன். மூன்று ஜோடி எடுத்து வைத்திருந்தார். ஒன்று கடல்நீலம், மெத்தைபோல் உயரமான நுரை, கையில் எடுத்ததுமே மனம் அதனோடு போய்விட்டது. இரண்டாவது ஆரஞ்சு. மூன்றாவது ஊறவைத்த பாசிப்பயறு நிறத்தில், தட்டையாக, யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்று. ஒவ்வொன்றாய் மாட்டிக்கொண்டு ஏறினேன், இறங்கினேன், சட்டென்று திரும்பினேன். மூன்றும் சறுக்காமல் கல்லைப் பிடித்தன. மூன்றுமே அருமையாகப் பிடித்தன.

“பின்ன என்ன? நீலத்த எடுத்துட்டுப் போ தாயி” என்றார் அண்ணாச்சி.

நானும் நீலத்தைப் பெட்டியில் வைக்கக் கொடுத்துவிட்டேன். தோழி மட்டும் சாக்கில் குந்தி ஒரு கல்லை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தன் விரல்களை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“கை இம்மா சுத்தமா கீது. எங்கடி அந்த கருப்பு?”

“அம்மா கழுவிட்டாங்க.”

“கழுவிட்டாங்களா! அப்ப நீ ஓடப்போற எடத்துலயும் உங்கம்மாவ முன்னாடி ஓட வுட்டு கழுவிகினே போவ சொல்லு.”

ஒரு கணம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு என்னை மடக்கியது வெறும் கல்லா? கல்லின்மேல் இருந்த பொடி. கல்லுக்கும் ரப்பருக்கும் நடுவில் பால் பேரிங் குண்டுகளாக உருண்ட பொடி. அதைத்தான் துடைத்து எடுத்துவிட்டு வந்து சோதித்துக்கொண்டிருக்கிறேன். இந்த நீலத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால்?

“அண்ணாச்சி, கொஞ்சம் தூசி கிடைக்குமா?”

அண்ணாச்சி அதற்குள் விளையாட்டில் இறங்கியிருந்தார். “தூசிக்கா பஞ்சம்? காலையில தொடச்ச ஷட்டரு. இப்பப் போய் கைய வச்சுப் பாரு.” துடைப்பத்தையும் முறத்தையும் நீட்டினார். நாங்கள் இரண்டு பேரும் ஷட்டர் மடிப்பையும் படிக்கட்டு ஓரத்தையும் பெருக்கினோம். ஒரே பகலின் தூசி முறத்தின் அடியை மூடியது. அதைக் கல்லின்மேல் தூவிக் கையால் கலந்தேன். நான் ஓடுகிற தரை கடைக்குள் வந்துவிட்டது.

நீலம் முதல் எட்டிலேயே வழுக்கியது. உயரம் வேறு, கல் ஒன்று உருண்டதும் பாதம் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்தது. தோழி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஆரஞ்சு பரவாயில்லை, ஆனால் குதிகால் உள்ளே ஆடியது. பயறு நிறத்தை மாட்டினேன். ஏறினேன். திரும்பினேன். கல் உருண்டது, பாதம் உருளவில்லை. நம்பாமல் மறுபடி ஏறினேன். கூரான கல்லின்மேல் வேண்டுமென்றே அழுத்தினேன். யாரோ கட்டைவிரலால் உள்ளங்காலைத் தொட்டதுபோல இருந்தது. கல் இருப்பது தெரிந்தது, குத்தவில்லை.

கழற்றித் திருப்பிப் பார்த்தேன். குட்டைக் குட்டையான பற்கள், நெருக்கமாக, ஆனால் கல் மாட்டாத அளவுக்கு இடைவெளி விட்டு. நகம் பதிகிற மென்மையான ரப்பர். முன்பாதத்தின் அடியில் கல் குத்தாமலிருக்க ஒரு மெல்லிய தகடு. அடி அகலம், உயரம் குறைவு. குதிகாலைக் கிண்ணம்போல் கவ்வும் பின்பக்கம். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம். யாரோ எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, உருளும் கல்லை நினைத்து நினைத்து இதைச் செதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் திருவொற்றியூரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். எப்படித் தெரிந்தது?

“நெறம்தான் கொஞ்சம் பேஜாரு” என்றாள் தோழி.

“அதான் ஒரு வருஷமா கெடக்கு” என்று சொல்லி அண்ணாச்சி பெட்டியைத் தேடப் போனார்.

அடுத்த ஞாயிறு காசிமேட்டில் வெளுக்கும் நேரத்தில் கிளம்பினோம். அம்மா வாசல்வரை வந்தாள். என் காலை மட்டும் பார்த்தாள். ஏலக்கூடத்து ஈரத்தை மெதுவாக, முழுப் பாதமும் பதித்துக் கடந்தேன். தார் வந்தது, கிராவல் வந்தது, மறுபடி தார். ஷூ ஒவ்வொன்றையும் வேறு வேறு சத்தத்தில் சொல்லிக்கொண்டே வந்தது. கண்ணை மூடினாலும் எங்கே ஓடுகிறேன் என்று தெரிந்திருக்கும். வலது பக்கம் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக வெளிறின.

எர்ணாவூர் தாண்டியதும் லாரி வரிசை தாரை அடைத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினேன். கொஞ்ச தூரத்தில் இடது காலுக்குக் கீழே ஒரு கல் புரண்டது. பழைய கணுக்கால். அது வெளிப்பக்கம் சரியத் தொடங்கியதை உணர்ந்தேன். சரி, முடிந்தது என்றே நினைத்தேன். ஷூவின் அகலமான விளிம்பு தரையில் பதிந்து சரிவை நிறுத்தியது. நின்ற அந்த இம்மி நேரத்தில் பாதம் தானாகவே தன்னை நிமிர்த்திக்கொண்டது. நான் எதுவும் செய்யவில்லை. நான் யோசிக்கும் முன்பே தோலும் நரம்பும் ரப்பரும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டன. அடுத்த எட்டு ஏற்கெனவே விழுந்திருந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. எனக்குள் இப்படி ஒன்று இருந்துகொண்டு, இத்தனை வருடமாக என்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறதா?

“இன்னாடி?” என்று கத்தினாள் முன்னால் போனவள்.

“ஒண்ணுமில்ல, ஓடு!”

முகத்துவாரத்தில் மணல் காலை இழுத்தது. பின்னால் புகைபோக்கிகள், முன்னால் ஆற்றின் பழுப்பும் கடலின் பச்சையும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு புரண்டன. நாங்கள் குனிந்து மூச்சு வாங்கினோம். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர், “எங்கேந்து வரீங்கோ?” என்று கேட்டார். காசிமேடு என்றதும், “பஸ்ஸு இல்லியா?” என்றார் அக்கறையாக.

வீட்டுக்கு நொண்டாமல் வந்தேன். அம்மா என் கையிலிருந்து ஷூவை வாங்கி வாளியில் போட்டாள். என்னோடு சண்டை போடவில்லை.

இப்போது மழை தொடங்கிவிட்டது. மணலிக்கு அந்தப் பக்கம் சடையங்குப்பத்தில் தண்ணீர் வடிந்ததும் களிமண் மிஞ்சும் என்று சொல்கிறார்கள். கால் வைத்தால் விடாத மண். உலர்ந்த மேல்தோல், உள்ளே குழம்பு. அந்த மண்ணில் நான் ஒரு எட்டும் வைத்ததில்லை. குட்டைப் பல் அங்கே தோற்கும் என்று நினைக்கிறேன், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. போய்ப் பார்க்காமல் எப்படித் தெரியும்? வெள்ளம் வடிந்த முதல் ஞாயிறு ஒரு வாளி மண் எடுத்துவர அங்கே போகிறோம். வாளியைத் தோழி தூக்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.