எனக்கு மட்டும் கேட்ட டிவி

"அம்மா, என்னமோ கீச்செண்டு கத்துது," என்ற மகள் வீடெல்லாம் தேடி, கடைசியில் போன் சார்ஜரைப் பிடுங்கினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எட்டு வயதில், வாவிக்கரை வீட்டில், எனக்கும் அப்படியொரு காது இருந்தது.

கிரிக்கெட் நடந்த ஒரு ஞாயிறு, அப்பா காய்ச்சலென்று தேவாலயப் பூசைக்கு வரவில்லை. சத்தத்தை முற்றாகக் குறைத்தாலும் எங்கள் பழைய டிவி மெல்லக் கீச்சிடும். அம்மாவும் நானும் திரும்பி வந்தபோது வாசல் படலையடியிலேயே எனக்கு அது கேட்டது.

"அம்மா, டிவி ஓடுது."

அம்மாவுக்குக் கேட்கவில்லை. உள்ளே போனால் டிவி அணைந்திருந்தது. அப்பா போர்த்திக்கொண்டு முனகினார். அம்மா அவர் நெற்றியைத் தொட்டார். பிறகு டிவியின் முதுகைத் தொட்டார்.

"உங்களுக்கு ஒண்டுமில்ல. டிவிக்குத்தான் காய்ச்சல் கொதிக்குது."

அடுத்த ஞாயிறு பூசைக்கு அப்பாதான் முதலில் வெளிக்கிட்டார். வழியில் என்னிடம் குனிந்து, "மகள், உனக்கு வேற என்னென்ன சத்தமெல்லாம் கேக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.