ஒரு பக்கம் மட்டும் பூட்டிய ஹெல்மெட்

என் கணவர் கண்ணாடி போடுகிறவர். ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலைக்காகப் பகல் முழுக்க பைக்கில் அலைவார். முழு ஹெல்மெட் மூச்சு முட்டுகிறது, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது என்று பாதி ஹெல்மெட்தான் போடுவார். தாடைக்குக் காவல் இல்லாத அது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் இருவருக்கும் பொதுவாக, தாடைப் பகுதியை மேலே தூக்கிவிடக்கூடிய ஒன்றை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

வண்டி ஓடும்போது மூடியே இருக்க வேண்டும், இரண்டு கையாலும் அழுத்தி, இரண்டு பக்கமும் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் மூடிக் காட்டிச் சொன்னார்.

தினமும் காலையில் தாராவியிலிருந்து செம்பூரில் என் ஆபீஸ் வரைக்கும் அவர் பின்னால்தான் உட்கார்ந்து போவேன். ஹெல்மெட் முன்பக்கம் தூக்கியேதான் இருக்கும். தோளில் தட்டுவேன்.

"மூடுங்கன்னா மூடுங்க."

"புழுங்குதுட்டி. ஹைவே வரட்டும், மூடுதேன்."

ஹைவே வரும், போகும்.

அன்று சயான் சிக்னலில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்ப மூடலன்னா நான் இறங்கி பஸ்ல போயிருவேன்" என்றேன். அதற்குள் பச்சை விழுந்தது. பின்னால் ஒரே ஹார்ன். அவர் ஒரு கையால் சட்டென்று இழுத்து மூடிவிட்டுக் கிளம்பினார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது.

கொஞ்ச தூரத்தில் முன்னால் போன டெம்போ திடீரென்று நின்றது. மழை ஈரத்தில் பைக் சறுக்கியது. நான் முழங்காலில் விழுந்தேன். அவர் டிவைடர் கல்லில் முகம் மோதி விழுந்தார். ஓடிப் போய்ப் பார்த்தேன். தாடைப் பகுதி நெற்றிக்கு மேலே ஏறிக் கிடந்தது. புகைக்காக முகத்தில் கட்டியிருந்த கைக்குட்டையின் நுனி இடது பக்கக் கொக்கியில் சிக்கியிருந்தது. அந்தப் பக்கம் பூட்டவே இல்லை.

யாரோ ஹெல்மெட்டைக் கழற்றக் குனிந்தார். "மத் நிகாலோ! கழற்றாதீங்க, கழுத்து அசையக் கூடாது" என்று கூட்டத்தில் ஒருவர் தடுத்தார். நான் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வாயிலிருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தது. துடைக்கக்கூட பயமாக இருந்தது.

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கஞ்சித் தண்ணீரை ஸ்ட்ராவில் உறிஞ்சினார். நாலாம் நாள் சைகை காட்டி என் போனை வாங்கினார். பம்பாயில் படித்தவர், தமிழ் எழுத வராது. இந்தியில் எழுதிக் காட்டினார்: "நான் மூடினேன்தானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கைக்குட்டையைப் பற்றி இன்றுவரை சொல்லவில்லை. அவசரப்படுத்தியது நான். என்னவென்று சொல்வது?

கம்பி எடுத்த பிறகு புது ஹெல்மெட் வாங்கப் போனோம். முழு ஹெல்மெட்டை மாட்டியவர் வியர்த்துப்போய் உடனே பிடுங்கி எடுத்தார்.

"முடியலட்டி. மறுபடி வாயக் கட்டுன மாதிரி இருக்கு."

தூக்கிவிடுகிற வகையை அவர் தொடக்கூட இல்லை. பாதி ஹெல்மெட்டுக்கு நான் சம்மதிக்கவில்லை. கடைக்காரர் மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். ஒன்றும் வாங்காமல் திரும்பினோம்.

இப்போது கனமான கருவிப் பையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். எந்த ஹெல்மெட் வாங்கலாம் என்று அவ்வப்போது என்னிடம் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை.