அச்சில் வராத வரி

ரொறொன்ரோவில் பேஸ்போல் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரித்துவிட்டு வரலாம்; என் மனைவி இன்னும் சிரித்து முடிக்கவில்லை. தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாக அடுக்கி வைக்கும் வாராந்தப் பத்திரிகை ஒன்றில் ஒவ்வொரு ஏப்ரலும் எனக்கு ஒரு முழுப் பக்கம் தருவார்கள். ஸ்காபரோவில் எங்கள் வட்டாரத்து உயர்நிலைப் பள்ளி அணிகள் இந்தப் பருவத்தில் எப்படி விளையாடப் போகின்றன, யாரிடம் நல்ல பந்தெறிபவன் இருக்கிறான், எந்த அணி படிப்பை முடித்துப் போனவர்களை நினைத்து அழப்போகிறது என்றெல்லாம் எழுதுவேன். ஒவ்வொரு அணியிலும் இரண்டு மூன்று தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள். தாய் தகப்பன் அந்தப் பக்கத்தை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டுவார்கள். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது வேறு கதை.

இப்போது நான் எழுதுவதில்லை. பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது வேலை கூடிவிட்டது என்று சொன்னேன். அது பொய். காரணம், எங்கள் மாடியில் நாலு கதவு தள்ளி இருக்கிற ஒரு மனிதர். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டிடத்தின் லிஃப்ட் கதவு திறக்கும்போது அவர் உள்ளே நின்றால், நான் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்கிறேன். பனிக்காலத்தில் இரண்டு கையிலும் சாமானோடு பதினைந்து நிமிடம் நின்றிருக்கிறேன். பரவாயில்லை.

ஒரு காலத்தில் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். இங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். என் கட்டுரையை முதலில் வாசிப்பவர் அவர்தான். சனிக்கிழமை காலையில் அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். ஆளுக்கு இரண்டு மட்டன் ரோலும் பால் விடாத பிளேன்ரீயும். நான் கையால் எழுதிய தாள்களை அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, பேனாவைத் திறந்து, முணுமுணுத்தபடி வாசிப்பார். எனக்கு எப்போதும் இடறுகிற ரகர றகரத்தைத் திருத்துவார். நான் பெருமை பேசியிருந்தால் புருவத்தை உயர்த்துவார். அவர் பார்க்காமல் என்னுடைய ஒரு வரியும் அச்சுக்குப் போனதில்லை. அவருடைய மகன் பந்தெறிபவன், எங்கள் வட்டாரத்திலேயே இன்னொரு பள்ளியில். என் மகனும் அவனும் ஒரே வயது. அதை நாங்கள் ஒரு தடையாக நினைத்ததே இல்லை.

என் மகன் கட்சர். பேஸ்போல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிரிக்கெட்டில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவனைப் போல, அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவன். அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அடித்தவன் மைதானத்தின் நாலு மூலையிலும் உள்ள தளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சுற்றி வந்தால்தான் ஓட்டம். முதலாம் தளத்தில் நிற்கிற எதிரணிக்காரன், பந்து எறியப்படும் நேரம் பார்த்து இரண்டாம் தளத்துக்கு ஓடப் பார்ப்பான். கட்சர் எழும்பி, மைதானத்தின் குறுக்கே ஒரே எறியில் பந்தை அங்கே சேர்க்க வேண்டும். அதற்குத் தோள் வேண்டும். தோள் இல்லாத கட்சர் என்றால் ஓடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்.

அவனுடைய கடைசி வருடம் அது. மார்ச் மாதம் ஒரு பின்னேரம், தோள் நோவுக்கு மருத்துவப் பயிற்சி கொடுக்கும் பிசியோவிடம் கூட்டிப்போய்விட்டுத் திரும்பும்போது காருக்குள் அவன் சொன்னான்:

“அப்பா, கோச்சுக்குத் தெரியாது. ஷோல்டர் ஃபுல்லா சரியாக இன்னும் மூண்டு நாலு கிழமை எடுக்கும் எண்டு பிசியோ சொல்லுறா. தெரிஞ்சா மற்றப் பெடியனைத்தான் போடுவார். திஸ் இஸ் மை லாஸ்ட் இயர். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அம்மாவுக்கும்.”

“எறிஞ்சால் மோசமாகுமோ?”

“கிழியேல்லை எண்டு சொன்னவா. ஸ்ட்ரெங்த்தான் இல்லை. முதல் ரெண்டு மூண்டு கேமை ஒருமாதிரிச் சமாளிச்சிட்டா சரி.”

“சரி, நான் சொல்லேல்லை,” என்றேன்.

பதினேழு வயதுப் பிள்ளை தகப்பனிடம் ஒரு ரகசியம் சொல்வது இந்த ஊரில் லேசில் நடக்கிற காரியமா? எனக்குள்ளே பெருமையாக இருந்தது. அவனுக்குப் பிடித்த ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தபோதும்.

அதற்குப் பத்து நாள் கழித்து அந்த வருடக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். ஏப்ரல் பாதிவரை மைதானங்கள் சேறு. பிள்ளைகள் ஜிம்முக்குள்தான் பயிற்சி எடுப்பார்கள். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே எனக்குத் தகவல் எல்லாம் பெற்றோர் மூலம்தான். கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருப்பவரை மறித்துக் கேட்பேன். கலியாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் கேட்பேன். முந்தின வருடம் ஒரு தகப்பன் என்னை எல்லோருக்கும் முன்னால் பிடித்து, “உம்மடை மகன்ரை பள்ளிக்கூடத்துக்கு மட்டும் பூச்சூடி எழுதுறீர்” என்று கத்தியிருந்தார். அது எனக்குள் முள்ளாய்க் கிடந்தது. இந்த முறை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று ரோசத்தோடு எழுதினேன். எல்லா அணிகளின் ஓட்டையையும் எழுதினேன். எங்கள் பள்ளிக்கு வந்தபோது, கை நிற்காமல் இதையும் எழுதியது: “கட்சரின் வலது தோள் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை, தொடக்க ஆட்டங்களில் இரண்டாம் தளம் திறந்த வீடுதான்.”

எழுதிவிட்டு, திறந்த வீடு என்ற சொல்லை ரசித்தேன். அந்த விசரை, அந்தப் பைத்தியக்காரத்தனத்தை, நான் மறைக்க விரும்பவில்லை. அப்படி எழுதுவது ரகசியத்தை வெளியே சொல்வதாக எனக்குப் படவே இல்லை. தமிழில், கையெழுத்தில், மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்த தாளில் இருப்பது எப்படி வெளியே சொன்னதாகும்? அண்ணை பார்க்கத்தானே போகிறார், வேண்டாம் என்றால் எடுப்போம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அவர் அந்த வரிக்கு வந்ததும் முணுமுணுப்பு நின்றது. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“தம்பி, உந்த வரியைப் போடப்போறீரே?”

“பெடியனே என்னட்டைச் சொன்னது, உண்மைதானே அண்ணை.”

“உண்மை எண்டு எல்லாத்தையும் எழுதலாமே? பெடியன் உம்மை நம்பிச் சொல்லியிருக்கிறான். அவன்ரை கோச்சின்ரை காதிலை விழுந்தா என்ன கதி? உமக்கென்ன விசரே காணும்?”

தன் பேனாவாலேயே அந்த வரியின் மேல் நாலு தரம் கோடு இழுத்தார், எழுத்தே தெரியாதபடி. பிறகு என் கையைத் தட்டி, “பிள்ளையளின்ரை விசயத்திலை நாங்கள்தான் கவனமா இருக்கோணும்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப்பிறந்தவன் இப்படிப் பார்க்கமாட்டான் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். என்ன விசயம் என்று அவள் கேட்டதற்கு மட்டும் மழுப்பிவிட்டேன்.

கட்டுரை அந்த வரி இல்லாமல் வந்தது. ஃபிரிட்ஜுகளில் ஏறியது.

எங்கள் பள்ளியின் முதல் ஆட்டமே அண்ணையின் மகனுடைய பள்ளியோடுதான். பள்ளி விட்ட பிறகு, நாலு மணிக்கு. வெயில் இருந்தும் காற்று எலும்பைக் குடைந்தது. கம்பி வேலிக்கு வெளியே வழக்கம்போல மடக்குக் கதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தோம். அண்ணை ஃபிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார். எனக்கு முதலில் ஊற்றித் தந்தார்.

அவர்களுடைய அணி ஓடுகிற அணி அல்ல. அதை நானே கட்டுரையில் எழுதியிருந்தேன், அண்ணை சொன்ன தகவல்தான்: பலமாக அடிப்பார்கள், தளத்தில் கல் மாதிரி நிற்பார்கள். அவர்களின் முதலாமவன் முதலாம் தளத்துக்கு வந்தான். அடுத்த பந்திலேயே ஓடினான். என் மகன் எழும்பி எறிந்தான். பந்து பாதி வழியில் விழுந்து இரண்டு தரம் துள்ளிப் போனது. சரி, ஒருவன் துணிந்து பார்த்தான் என்று நினைத்தேன். அடுத்தவனும் ஓடினான். அதற்கடுத்து வந்தவன் ஒரு தடித்த பிள்ளை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன் போல ஒரு உடம்பு. அவன் முதலாம் தளத்தில் நின்று, சைகைக்காகத் தன் கோச்சை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. பந்து கிளம்பியதும் ஓடினான், சறுக்கி விழத் தேவையில்லாமல் நிமிர்ந்தபடியே இரண்டாம் தளத்தை எடுத்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சந்தேகப்பட்டு ஓடுகிறவன் வேறு, தெரிந்துகொண்டு ஓடுகிறவன் வேறு.

நான் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அது முதலே இறுகித்தான் இருந்தது.

“அண்ணை, சொல்லிப்போட்டியளோ?”

“என்னத்தை?”

“என்னத்தை எண்டு உங்களுக்குத் தெரியும்.”

“வோர்ம்-அப்பிலை பாத்திருப்பாங்கள் தம்பி. உவங்கள் கெட்டிக்காரர்.”

“வோர்ம்-அப்பிலை அவன் ரெண்டாந் தளத்துக்கு எறியவே இல்லை. எறிய வேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான்.”

அவர் ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு மைதானத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “கட்டுரையிலை தங்கடை பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன கிடக்கெண்டு பெடியன் கேட்டவன். அவனுக்கு வாசிக்கத் தெரியாதெல்லோ. நான் வாசிச்சுச் சொன்னனான்.”

“அச்சிலை வந்ததையோ, நீங்கள் வெட்டினதையுமோ?”

“அவனுக்கும் கடைசி வருசம்தானே, தம்பி.”

அவர் தன் மகனுக்காகச் செய்தார் என்பது எனக்கு விளங்காமல் இல்லை; யார்தான் செய்யமாட்டார்கள்? ஆனால் அந்தக் கோடு? நாலு தரம் அழுத்தி இழுத்தாரே, பிள்ளைகளின் விசயத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று என் கையைத் தட்டினாரே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. வெட்டாமல் விட்டிருந்தால் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். வெட்டியதால் அவர் வீட்டுக்கு மட்டும் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை காலை என் கண்ணைக் கலங்கவைத்துவிட்டு, அந்த வரியைத் தலைக்குள் மடித்துக்கொண்டு போயிருக்கிறார். தேத்தண்ணியைப் புல்லில் ஊற்றினேன். கோப்பையை அவருடைய கதிரையின் கீழே வைத்தேன். என் கதிரையை மடக்கிக்கொண்டு மைதானத்தின் மறுபக்கம் போய் நின்றேன்.

நாலாவது சுற்றில் கோச் என் மகனை வெளியே எடுத்தார். அவன் முகக்கவசத்தைக் கழற்றி வாங்குப் பலகையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். மற்றப் பிள்ளை உள்ளே போனான். எங்கள் பள்ளிப் பருவம் ஒன்றரை மாதம்தான். அந்த ஒன்றரை மாதமும் மற்றப் பிள்ளைதான் விளையாடினான்.

ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு அவன் பையோடு வந்தான். பின்னால் போட்டுவிட்டு முன் இருக்கையில் ஏறினான்.

“ஹவ் டிட் தே நோ, அப்பா?”

நான் அண்ணையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. ஆறு வருடம் பக்கத்தில் இருந்து தின்றவன், நாக்கில் தேன், நெஞ்சில் நஞ்சு என்று, எனக்குத் தெரிந்த வசையெல்லாம் வந்தது. தமிழில் இவ்வளவு கோபத்தை அவன் என்னிடம் கேட்டிருக்கமாட்டான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டான்:

“அவருக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் எழுதின தாளிலை இருந்தது. ஆனா வெட்டியாச்சு. பேப்பரிலை வரேல்லை, சத்தியமா வரேல்லை.”

“வெட்டினது அவருக்குக் காட்ட முதலோ, பிறகோ?”

நான் காரை எடுத்தேன்.

அடுத்த தடவை பிசியோவுக்கு அவன் பஸ்ஸில் போனான். அதற்கடுத்த தடவையும். தோளைப் பற்றி என்னிடம் மறுபடி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது முழுதாகச் சுகமான செய்தியை, ஜூன் மாதம் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்த வேறொரு பிள்ளையின் தகப்பன் சொல்லித்தான் நான் அறிந்தேன்.