பேர் வெட்டாத அண்டா

பங்குனி பிறந்தால், மாடிப்படிக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கும் பித்தளை அண்டாவை உருட்டி வெளியே எடுப்பது இன்றுவரை என் வேலைதான். புளி போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகு, அதன் விளிம்பில் ஒருமுறை விரலை ஓடவிட்டுப் பார்ப்பேன். வழவழவென்று சுற்றி வரும், எங்கேயும் தட்டாது. எங்கள் வீட்டில் டம்ளர், கரண்டி, இட்லிக் குண்டான் எல்லாவற்றிலும் என் வீட்டுக்காரர் பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். இதில் மட்டும் இருக்காது. அறுபத்து மூவர் உற்சவத்துக்கு எங்கள் தெரு நீர்மோர் ஊற்றுகிற அண்டா இது. நான் கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்த புதிதில், வீட்டுக்கு வீடு ஓட்டைச் சொம்பு, நசுங்கின குடம் என்று பழம்பித்தளையாகப் போட்டுப் பாத்திரக் கடையில் மாற்றி வாங்கினது. கடை வாசலில் உளியோடு உட்கார்ந்திருந்தவர், "இன்னா பேரு வெட்டணும்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர், "ஒரு பேரும் வாணாம் நைனா. வெட்டுனா தெருவுல கீற எல்லார் பேரும் வெட்டணும், அதுக்கு அண்டா பத்தாது" என்றார். இடம் இருந்ததால் எங்கள் வீட்டில் வைத்தார்கள். அவ்வளவுதான் அதற்கும் எனக்கும் உள்ள பாத்தியதை.

இதை எழுத உட்கார்ந்தது என் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். எழுதுவது அதைவிட மெதுவாக வரும். மகளிடம் சொல்லி எழுதவைக்கலாம். ஆனால் விஷயம் அவள் புருஷனைப் பற்றியது, அதனால் நானே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் எங்கள் மாடி அறை காலியாக இருந்தது. கீழே நான் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அப்போது ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அவர் கூட்டாளிகளும் அந்த அறையில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தார்கள். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் ஓட்டுகிற ஒன்று இருக்கிறதாம், ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். கடையில் வாங்கினால் அது ஏதோ ஒரு கம்பெனியின் சொத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கினவனே பார்க்க முடியாது. இவர்கள் வைத்திருந்த லினக்ஸ் அப்படி இல்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எழுதிச் சேர்த்தது. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கூடாது என்று சொல்ல ஆள் கிடையாது. அதைத் தமிழ் பேசவைத்து, நம் பள்ளிக்கூடங்களில் போடுகிற மாதிரி ஒரே சிடியில் அடக்குவதுதான் மாடி வேலை.

அந்த நாட்களில் என் வீட்டில் இரண்டு சட்டம் இருந்தது. மேலே அவர்கள் டெலிபோன் கம்பியில் எதையாவது இறக்கிக்கொண்டிருக்கும்போது நான் கீழே ரிசீவரைத் தொடக் கூடாது. ஒருநாள் மறந்துபோய் எடுத்துவிட்டேன். காதில் கிறீச்சென்று கத்தியது, மேலேயிருந்து ஐந்தாறு பேர் ஒன்றாக "அய்யோ!" என்று அலறியதில் மாவு வாங்க வந்தவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். இரண்டாவது, அவர்கள் சிடி எழுதும் நேரத்தில் கிரைண்டர் ஓடக் கூடாது. ஓடினால் கரண்ட் இறங்கி சிடி வீணாகிவிடும். ஞாயிறு காலை என் வியாபாரமே நின்றிருக்கும். வாசலில் ஜனம் காத்திருக்கும், "இன்னாம்மா, மேல ராக்கெட்டா உட்றாங்க?" என்று கேலி பேசும். மாடியிலிருந்து "முடிஞ்சிருச்சு அத்தை, போடுங்க!" என்று மாப்பிள்ளை குரல் வந்த பிறகுதான் சுவிட்சில் கை வைப்பேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. என் கல் நின்றால்தான் அங்கே ஒன்று உருவாகிறது என்பது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வருகிறவர்களில் ஆதம்பாக்கத்து டீச்சர் ஒருவர். வாரமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்துவிட்டு, ஞாயிறு தவறாமல் பஸ் மாறி வருவார். தமிழ் எழுத்து திரையில் உடையாமல் வருவதற்கு அந்த அம்மாள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். திருத்திவிட்டு, கீழே ஓடி வந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய், "இப்பப் படிங்கம்மா" என்பார். நான் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். எனக்குத் தடங்கல் இல்லாமல் வந்தால்தான் அவருக்குத் திருப்தி.

ஒரு பங்குனியில் மாப்பிள்ளை என்னோடு அண்டாவைத் தூக்கினபோது, பேர் எங்கே என்று கேட்டார். சொன்னேன். அன்று மாலையே மாடியில் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "நம்மளுதுக்கு அண்டான்னே பேரு வைப்போம். அத்தை வீட்டு அண்டா மாதிரி, யாரும் தன் பேரைப் போடக் கூடாது. செஞ்சவங்க எல்லாரும்தான் அது." வழக்கமாக இந்த மாதிரி வேலையில் எழுதினவர்கள் தங்கள் பேரை உள்ளே ஓர் ஓரத்தில் குறித்து வைப்பார்களாம். இவர்கள் இருந்த பேரையும் எடுத்தார்கள். கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, செத்துப்போன என் வீட்டுக்காரர் மாடியில் பேசுவது போல இருந்தது. இப்படி ஒருத்தருக்கு மகளைக் கொடுத்தோமே என்று சாமி படத்துக்கு முன்னால் கைகூப்பினேன்.

பிறகு பெருங்குடியில் இருந்து ஒரு பெரிய கம்பெனி வந்தது. புத்தம்புது கம்ப்யூட்டர்கள் வேனில் வந்து இறங்கின. சும்மா கொடுக்கிறார்கள், நல்ல மனசு என்று மாப்பிள்ளை சொன்னார். கொஞ்ச நாளில் ஞாயிறு கூட்டம் பெருங்குடிக்கு மாறியது. இங்கே இடம் பற்றவில்லையாம். அப்புறம் கூட்டாளிகளில் கெட்டிக்காரர்களாகப் பார்த்து அங்கேயே வேலை கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு எல்லாருக்கும் மேலான நாற்காலி. நான் சந்தோஷப்பட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் நிற்காமல் ஓடியது. அந்தச் சத்தம்தான் எனக்கு என்னவோ போல இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ஸ்வீட்டோடு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பளபளவென்று காகிதம் சுற்றிய சிடிப் பெட்டி. மேலே எங்கள் அண்டாவின் படம். என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அதே அண்டா, வயிற்றில் அதே நசுங்கல். ஆனால் படத்தில் அதன் விளிம்பு நெடுக அந்தக் கம்பெனியின் பேர் வெட்டியிருந்தது, நிஜமாக உளியால் வெட்டினது போலவே.

மாப்பிள்ளையிடம் நேராகக் கேள்வி கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கேட்க வேண்டியதை மகளிடம் கேட்பேன். அவர் காதில் விழும்.

"இன்னாடி இது, அண்டாவுல யாரு பேரு?" என்றேன்.

மகள் அவரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "கம்பெனி பேருதான் அத்தை. உள்ள இருக்கறது நம்ம வேலைதான்" என்றார்.

"அப்ப டீச்சர் பேரு, மத்தவங்க பேரெல்லாம் எங்கடி?"

"நாமதான் யாரு பேரும் போடலையே அத்தை" என்றார். அதே சிரிப்பு. ஸ்வீட் டப்பாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். நான் எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

விஷயம் முழுதாகத் தெரிந்தது டீச்சர் வந்தபோதுதான். மாவு வாங்க வந்த மாதிரி வந்தார், பாத்திரம் கொண்டுவரவில்லை. உட்காரவைத்து மோர் கொடுத்தேன். திரையில் இன்னும் ஓர் இடத்தில் எழுத்து உடைகிறதாம். திருத்திக்கொண்டு பெருங்குடிக்குப் போயிருக்கிறார். வாசலில் பாஸ் கேட்டு நிறுத்திவிட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பரிசீலிக்கிறோம் என்றார்களாம். "யாரும்மா நீங்கன்னு கேட்டாங்க. அதை நான்தான் செஞ்சேன்னு சொன்னேன். உங்க பேரு எங்கயும் இல்லையேன்னான் அந்தப் பையன். அவன் மேல தப்பில்ல, எங்கயும் இல்லதான்."

"அப்ப பூட்டிட்டாங்களா?" என்றேன்.

"பூட்ட முடியாதும்மா. அடியில இருக்கற லினக்ஸ் எல்லாருக்கும் பொதுதான். நம்ம பழைய சிடியும் நம்மகிட்ட இருக்கு. ஆனா அண்டாங்கற பேர்ல இனிமே யாரும் குடுக்கக் கூடாதாம், அந்தப் பேரு அவங்களுது. எது உள்ள போகணும், எது கூடாதுன்னு சொல்ற ஆளுங்க எல்லாம் அங்க சம்பளம் வாங்கறாங்க. இங்க மீதி நான் ஒருத்திதான்." டம்ளரைக் கீழே வைத்தார். "கம்பெனிக்காரங்க இது யாரு செஞ்சதுன்னு கேட்டிருக்காங்க. நான் ஒருத்தனே செஞ்சதுன்னு உங்க மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு."

டீச்சர் என் மேல் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. ஆனால் எங்கள் அண்டாவைக் காட்டித்தானே மாப்பிள்ளை அத்தனை பேர் பேரையும் எடுக்கவைத்தார்? அன்றைக்கு நிஜமாகச் சொன்னாரா, மனசில் கணக்கு வைத்துக்கொண்டு சொன்னாரா? இரண்டில் எது என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை. அந்த மாலை நான் கைகூப்பினது எதற்கு என்றும் தெரியவில்லை.

அடுத்த உற்சவத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வந்தார். இந்த வருஷம் நீர்மோர்ப் பந்தலைக் கம்பெனியே போடும், பெரிய பேனர், காகித டம்ளர், எல்லாம் அவர்கள் பொறுப்பு என்றார். அண்டாவை மட்டும் கொடுத்தால் போதும். பெட்டியில் இருக்கிற மாதிரியே விளிம்பில் பேரை வெட்டி நடுவில் வைப்பார்களாம். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் அவளிடம் ஏதாவது கேட்பேன் என்று.

நான் அவளைப் பார்க்கவில்லை. அவர் மாப்பிள்ளையாகி வந்த நாளிலிருந்து முதல்தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். "மாப்ள, அது என்னுது இல்ல. என்னுதா இருந்தா குடுத்திருப்பேன்."

புரிந்தது அவருக்கு. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அந்த வருஷமும் எங்கள் அண்டாவில்தான் மோர் ஊற்றினோம், டீச்சரும் நானும்.

மாப்பிள்ளை இப்போது பெருங்குடியிலேயே பெரிய ஃபிளாட்டில் இருக்கிறார். தீபாவளிக்கு வருவார். இலை போட்டு, வடை வைத்து, ஒரு குறையும் இல்லாமல் செய்கிறேன். அது என் மகளுக்கு நான் செய்யும் மரியாதை. மாடி அறையை அவர் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மகள் எனக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தாள். போன பங்குனிக்கு வந்த டீச்சர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதுக்குள்ளயும் லினக்ஸ்தாம்மா ஓடுது, அன்னிக்கு மாடில ஓடுச்சே, அது" என்றார். அப்படியா என்று பட்டனை அமுக்கினேன். முதலில் எழுந்தது ஒரு கம்பெனி முத்திரை. நான் கேட்காத எதையெதையோ உள்ளே வைத்திருக்கிறார்கள். எடுக்கப் பார்த்தால் எடுக்க வரவில்லை.

பழம்பித்தளை போட்ட வீடுகள் எங்கள் தெருவில் இப்போது இல்லை. எல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்டது. அண்டா யாருடையது என்று கேட்டால் சாட்சி சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். இந்த வருஷம் ஈயம் பூச வந்தவர், "அடையாளத்துக்கு ஒரு பேரு வெட்டிரட்டுமா பாட்டி?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு விளிம்பில் விரலை ஓடவிட்டேன். வழவழவென்று ஓடியது, எங்கேயும் தட்டவில்லை. முன்பெல்லாம் ஒருமுறை சுற்றினால் மனசு நிறைந்துவிடும். இப்போது, யாருக்கோ பேர் வெட்ட இடம் விட்டுவைத்திருக்கிறோமோ என்று விரல் பாதியில் நின்றுவிடுகிறது.