அக்காவின் கப்பல் ஒரு நாள் முந்தி வந்தது

அக்கா வரும் கப்பல் சனிக்கிழமை காலை கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து, அன்று மாலையே புறப்படும் என்று அவள் மகன் சொல்லியிருந்தான். சென்னையில் ஏறி, அம்பாந்தோட்டையில் ஒரு பகல், கொழும்பில் ஒரு பகல் நின்று திரும்பும் உல்லாசக் கப்பல் அது. நாங்கள் சந்திக்க அந்தக் கொழும்புப் பகல் ஒன்றுதான் இருந்தது. கல்யாணமாகி இந்தியாவுக்குப் போன அக்காவை அதற்குப் பிறகு நான் நேரில் பார்க்கவில்லை. காதில் ஆப்பரேஷன் செய்ததால் அவள் பிளேனில் ஏறக்கூடாது. நானோ, பக்கவாதம் வந்து படுத்த என் கணவரை விட்டுவிட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை.

இலங்கை மலைநாட்டில், லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டீச்சர். பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இடைவேளைக்கு ஓடிவந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு, மணி அடிப்பதற்குள் வகுப்புக்குத் திரும்பிவிடுவேன். எந்தப் பக்கம் எவ்வளவு நேரம், தலையணை எங்கே, கரண்டியை எவ்வளவு சாய்ப்பது எல்லாம் எனக்குத்தான் தெரியும். மொனராகலையில் இருக்கும் கொழுந்தன் மனைவி வெள்ளிக்கிழமை பகல் வந்து அவரைப் பார்த்துக்கொள்வதாகவும், நான் மாலை பஸ்ஸில் கொழும்புக்குப் போவதாகவும் ஏற்பாடு. மருந்துகளை வேளைவாரியாக டப்பாக்களில் பிரித்து, மேலே எழுதி ஒட்டிவைத்தேன்.

ஒரே சிக்கல், வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் மேற்குப் பக்கம் பயணம் புறப்பட்டதில்லை. அதற்கும் எங்களிடம் வழி இருக்கிறது. நல்ல நாள் பார்த்து, பையை முன்கூட்டியே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு எந்த நாளில் போனாலும் குற்றமில்லை. புதன்கிழமை காலை நல்ல நேரத்தில், லுணுகலைக் கடைத்தெருவில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வீட்டில் என் பையை வைத்துவிட்டு வந்தேன். அக்காவுக்கு வாங்கிய சேலையும் என் அடையாள அட்டையும் அதில் இருந்தன.

வியாழக்கிழமை விடியும்போதே மழை விடாமல் பெய்தது. வங்கக் கடலில் புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். பகல் இரண்டு மணிக்குத் தோட்டத்து வேன்காரர் வாசலில் வந்து ஹார்ன் அடித்தார். ஒரு நோயாளியைப் பதுளைக்குக் கொண்டுபோகிறார். அங்கிருந்து கொழும்பு பஸ் பிடிக்கலாம். வழியில் பையையும் எடுத்துக்கொள்ளலாம்.

"டீச்சரம்மா, வாறதுன்னா இப்பவே வாங்க. நாளைக்கு ரோட்டு இருக்குமான்னு சொல்ல ஏலாது."

"இப்ப ராகு காலம்ங்க. அதோட இவர யார் பாப்பாங்க? நாளைக்குத்தான் ஆள் வருது."

உள்ளேயிருந்து கணவர் குழறிய பேச்சில் கத்தினார்: "போடி! ஒரு ராத்திரியில செத்தா போயிருவேன்?"

"பயணம் நேத்தே தொடங்கியாச்சு. ராகு காலத்துல கெளம்பி அதக் கெடுக்கக் கூடாது" என்றேன்.

"பைதான போயிருக்கு. அதுவே கொழும்புக்குப் போயி உங்கக்காவப் பாத்துட்டு வரட்டும்!" என்றார் கணவர்.

வேன்காரர் சிரித்துக்கொண்டே கிளம்பினார். பை முன்னால் போய்விட்டது என்ற தைரியம் எனக்கு. கொஞ்ச நேரத்தில் அக்கா மகனின் குரல்பதிவு வந்தது. "சித்தி, கடல் மோசமா இருக்கறதால அம்பாந்தோட்டைய விட்டுட்டாங்க. கப்பல் நேரா கொழும்புக்கு வருது. நாளைக்குக் காலையில எறங்குறோம், மதியம் திரும்ப ஏறிடணும். நீங்க இன்னைக்கே கெளம்பிடுங்க." நான் வாசலுக்கு ஓடினேன். வேன் போன ரோட்டில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வேன்காரருக்குப் போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை.

இருட்டுவதற்குள் நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே மண் வெடித்திருப்பதைக் கண்டு எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். லயத்துப் பையன்கள் எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றி, அவரை அதில் கிடத்தித் தூக்கினார்கள். நாங்கள் என் வகுப்பறைக்குள் நுழைந்தபோது கீழே இரைச்சல் கேட்டது. லுணுகலைக்குப் போகும் ரோட்டில் மலை சரிந்துவிட்டது என்றார்கள். மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது.

நான் படிப்பிக்கும் அறைதான். அன்றைக்கு அதில் மூச்சு முட்டியது. ஈரத் துணியும் மண்ணெண்ணெயும் நாறின. குழந்தைகள் அழுதன. மேசைகளைச் சேர்த்துப் போட்டு அவரைக் கிடத்தினேன். காலைக்குள் ரோட்டைத் திறந்துவிடுவார்களா என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டேன். "டீச்சர், மொதல்ல உக்காருங்க" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, கரும்பலகைக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் போனை ஒட்டிப் பிடித்தால் மட்டும் சிக்னல் வந்தது. அக்கா துறைமுக வாசலில் நின்றாள்.

"எங்கடி இருக்க? வர்றவங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

"அக்கா, ரோட்டு இல்ல. நாங்க பள்ளிக்கூடத்துல இருக்கோம்."

"நடந்து வர முடியாதா?"

அவள் கேட்டது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கும் தெரியும். அந்தச் சரிவைத் தாண்ட முடியுமா என்று விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு, முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்திருந்தேன். லைன் அறுந்து அறுந்து வந்தது. கம்பியை விட்டு நகர்ந்தால் அவள் போய்விடுவாள் என்று அப்படியே நின்றேன். உன் மூக்குத்தி இன்னும் இருக்கா, முடி நரைச்சிருச்சா, யாரு மாதிரி இருக்க இப்ப என்றெல்லாம் கேட்டாள். கப்பலில் ஏறக் கூப்பிடுகிறார்கள் என்று மகன் சொல்வது கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

திரும்பிப் பார்த்தபோதுதான் கணவரின் நினைவு வந்தது. புரட்ட வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் கொழுந்து பறிக்கிற அம்மாள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் புரட்டி, முதுகுக்குக் கோணிப்பை சுருட்டி வைத்திருந்தார்கள். நான் வைக்கிற மாதிரி இல்லை. கரண்டியும் சரியாகச் சாயவில்லை. ஆனால் அவருக்குப் புரை ஏறவில்லை.

"என்ன டீச்சர் அப்படிப் பாக்குறீங்க? சாருக்கு என் கைத் தேத்தண்ணிதான் புடிச்சிருக்காம்" என்றார் அந்த அம்மாள்.

"இவ சீனியே போட மாட்டா" என்றார் கணவர்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் எந்த அவசரமும் இல்லை என்று தோன்றியது.

ரோட்டு திறக்குமுன், ஞாயிற்றுக்கிழமை பகல், அக்கா சென்னையிலிருந்து பேசினாள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் இனிக் கடல் பக்கமே போவதில்லை என்றாள். "நீதான் வரணும். எப்ப வர்ற?"

"இவரை விட்டுட்டு எப்படிக்கா..."

அடுத்த பெஞ்சில் யாரோ இரண்டு பையன்கள் அவரைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினேன்.

"எங்கிட்ட பாஸ்போர்ட்டே இல்லக்கா" என்றேன். உண்மைதான். எடுக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"அப்ப மொதல்ல அத எடு" என்றாள்.

"சரி" என்றேன். கம்பியில் சாய்ந்து நின்ற கை மரத்துப்போயிருந்தது. மறுகைக்குப் போனை மாற்றிக்கொண்டு, அதற்கு என்னென்ன வேண்டும் என்று அவள் மகனிடம் கேட்கச் சொன்னேன்.